எமில் குபியாக் எறிந்த ஒரே ஆட்டம்

எமில் குபியாக் எங்கள் பேஸ்பால் கிளப்பில் இருந்தது இருபத்தொன்பது நாள். அதில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் ஆட்டத்தில் பந்து எறிந்தான். மற்ற நாளெல்லாம் இடதுபக்க வேலியோரம், பந்து எறியும் பிட்சர்களுக்கென்று போட்டிருந்த நீள பெஞ்சில், தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் பெரும்பாலும் நான் இருந்தேன். நான் இரண்டாவது கேட்சர், அடிப்பவனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவன். முதல் கேட்சருக்குக் கால் வலித்தால்தான் எனக்கு ஆட்டம். மற்ற நேரத்தில், பிட்சர்கள் கை சூடாவதற்காக எறியும் பந்துகளைக் குந்தி உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருப்பேன். பெயர் டெட்மர், டெட் என்பார்கள். அப்போது எனக்கு முப்பத்துமூன்று வயது. முழங்கால்களுக்கு அறுபது இருக்கும்.

அது ஐம்பத்திரண்டாம் வருடம், மே மாதம். பெரிய கிளப்புகளின் வரிசையில் நாங்கள் கடைசி இடத்தில் இருந்தோம். சீசன் தொடங்கும்போது ஒரு கிளப் இருபத்தெட்டுப் பேரை வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் முடிவதற்குள் அது இருபத்தைந்தாகிவிட வேண்டும். புதன்கிழமை கெடு. மூன்று பேர் போயாக வேண்டும். அந்த மூன்று பேர் யாரென்பது எங்கள் மேனேஜர் ஹார்லன் பெக்கின் தலைக்குள் இருந்தது. அவர் காபி கோப்பையை யாருக்குப் பக்கத்தில் வைக்கிறார், யாரைத் தாண்டிப் போகிறார் என்றெல்லாம் கவனித்து நாங்கள் ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் எமிலுக்கும் எனக்கும் ஒரே அறை. பென்சில்வேனியாவின் கிழக்கே ஒரு நிலக்கரி ஊர்க்காரன் அவன். இருபத்துமூன்று வயது, ஒல்லி உடம்பு, மணிக்கட்டு மட்டும் தச்சனுடையதுபோல் தடித்திருக்கும். அப்பா சுரங்கத்தில் வேலை செய்து இருமி இருமிச் செத்தவர். அண்ணன் ஜிக்மண்ட் பதினாறு வயதிலிருந்து சுரங்கத்தில். எமிலை மட்டும் அண்ணன் உள்ளே இறங்கவிடவில்லை.

"அந்தக் கை மண்ணுக்குள்ள போகக் கூடாதுன்னான்," என்று ஒருநாள் எமில் சொன்னான், கட்டிலில் மல்லாந்து படுத்து, பந்தைக் கூரைக்கும் கைக்கும் நடுவே எறிந்து பிடித்தபடி. "நாலு வருஷமா சின்னச் சின்ன ஊர் கிளப்புல ஆடுறேன். ஜிக் எனக்காக ரெட்டை ஷிப்ட் பாக்குறான். இந்தத் தடவையும் நிக்கலைன்னா போதும்னு சொல்லிட்டேன். திரும்பச் சின்ன கிளப்புக்குப் போகமாட்டேன். அவன்கூடவே சுரங்கத்துல இறங்கிடுவேன்."

"உங்க அண்ணன் விடுவானா?"

"அவனுக்கும் இருமல் ஆரம்பிச்சிருச்சு, டெட். அவன் விடுறதும் விடாததும் இனிமே கெடையாது."

பந்து கூரையில் பட்டு மெல்லிய சத்தத்துடன் திரும்பி வந்தது. பக்கத்து அறைக்காரன் சுவரைத் தட்டினான்.

இப்போது நான் என் தவறைச் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது வாரம். எமிலின் பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவனிடம் இரண்டு பந்து உண்டு. ஒன்று வேகப்பந்து, சுமார்தான். இன்னொன்று வளைபந்து. அடிப்பவனின் தோளுக்கு நேராகக் கிளம்பி, கடைசி நொடியில் மாடிப்படியிலிருந்து கால் தவறியதைப்போல் கீழே விழும். அப்படியொரு வளைபந்தை நான் அதற்கு முன்பும் பின்பும் பிடித்ததில்லை. எறிவதற்கு முன் பிட்சர் பந்தைக் கையுறைக்குள் மறைத்து வைத்துப் பிடிப்பான். எமில் வளைபந்துக்காகப் பிடிக்கும்போது மணிக்கட்டை உள்ளே ஒரு திருகு திருகுவான். அப்போது கையுறையின் வாய் விசிறிபோல் விரிந்துவிடும். வேகப்பந்து என்றால் மூடியே இருக்கும். கண் இருக்கிற எவனும் பார்த்துக்கொள்ளலாம். பார்த்தால் அடிப்பவனுக்கு வருவது என்ன பந்தென்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நான் பார்த்தேன். சொல்லவில்லை.

கேட்சர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பந்து நன்றாக வந்துகொண்டிருக்கும்போது பிட்சரிடம் அவன் கையைப் பற்றிப் பேசக் கூடாது. நான் இருபது வயதில் ஆடிய கிளப்பில் வர்ஜில் என்று ஒரு பிட்சர் இருந்தான். உன் முழங்கை தாழ்கிறது என்று, நல்லதென்று நினைத்து, நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவன் முழங்கையைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. ஆகஸ்டு வருவதற்குள் பத்தடி தூரத்தில் நிற்பவனுக்குக்கூட நேராக எறிய முடியாதவனாகிவிட்டான். அதை நான் மறக்கவில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. பெக் எமிலை எப்படியும் ஆட்டத்தில் இறக்கப்போவதில்லை என்று நினைத்தேன். ஆடாதவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் இரண்டு ஆட்டம். எமிலின் ஊரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பெரிய கிளப்புக்கு ஒருவன் போய்விட்டால் ஊர்க்காரர்கள் திரண்டு வந்து மைதானத்தின் நடுவில் நிறுத்திப் பரிசு கொடுப்பது வழக்கம். முதல் ஆட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருபத்திரண்டு சுரங்கத் தொழிலாளிகள், சர்ச்சுக்குப் போகும் கோட்டும் தொப்பியுமாக, புல்லை மிதிப்பதா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி நடந்துவந்தார்கள். முன்னால் ஜிக்மண்ட், இரண்டு கையிலும் ஒரு தோல் பெட்டியை ஏந்திக்கொண்டு. அகலமான ஆள். காதோரம் கழுவியும் போகாத கரி.

"புதன்கிழமைக்கு மூணு நாள் இருக்கும்போது பொட்டி குடுக்குறாங்க பாரு," என்றான் பிட்சர் டௌலிங், என் காதருகே. "விவரமான ஊருடா. கையில டிக்கெட்டையும் குடுத்தனுப்பிருக்கலாம்."

"வாய மூடு."

"நான் என்ன சொன்னேன்? என் ஊர்க்காரனுங்க எனக்கு ஒரு சீப்புகூடக் குடுத்ததில்ல. அதான் வயித்தெரிச்சல்."

முதல் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் முடியாமல் பதினைந்து வரைக்கும் இழுத்துவிட்டிருந்தது. டௌலிங்கும் சேர்த்து ஆறு பிட்சர்கள் எறிந்து ஓய்ந்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பிய பிறகு, பெக் பெஞ்சு நெடுகப் பார்வையை ஓட்டினார். எமிலிடம் வந்ததும் நிறுத்தினார்.

"குபியாக். இது உன் ஆட்டம். டெட், நீ பிடி."

எமில் எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். பிறகு என்னிடம் வந்து ஷூ கயிற்றைக் கட்டிவிடச் சொன்னான்.

முதல் அடிப்பவனை வேகப்பந்திலேயே அவுட்டாக்கினோம். ஊர்க்காரர்கள் இருந்த பக்கத்திலிருந்து தேவாலய மணி அடித்ததுபோல் ஒரு சத்தம். இரண்டாவது ஆளுக்கு நான் இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு விரல் என்றால் வளைபந்து. பிட்சர் நின்று எறியும் மேட்டின்மேல் எமில் தலையசைத்தான். மணிக்கட்டு திருகியது. கையுறை விரிந்தது. ரன்னுக்கு ஓடுபவர்கள் தொட்டுப்போகும் மூன்றாம் பேஸ் ஓரமாக நின்றிருந்த எதிரணிப் பயிற்சியாளர், ஏதோ மறந்தது நினைவுக்கு வந்தவர்போல், இரண்டு முறை கைதட்டினார்.

அடித்தவன் அவசரப்படவே இல்லை. பந்து விழப்போகும் இடத்தில் மட்டையை வைத்துக் காத்திருந்தான்.

அடுத்தவனுக்கும் அப்படியே. விரியும் கையுறை, இரண்டு கைதட்டல், அடி. முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள் ஐந்து ரன். இரண்டாவதில் நான் வளைபந்தே கேட்கவில்லை. வேகப்பந்து மட்டும். வேகப்பந்து மட்டும்தான் வரும் என்று அவர்களுக்குப் புரிய மூன்று பந்து போதுமாயிருந்தது. மொத்தம் எட்டு ரன்.

மூன்றாவது இன்னிங்ஸில் மேட்டுக்கு நடந்துபோனேன். போகும்போதே வர்ஜிலின் முகம் தெரிந்தது.

"எமில், உன் கையுறை விரியுது. வளைபந்துக்கு மட்டும். அவனுங்க பாத்துட்டானுங்க."

அவன் தன் இடது கையைப் பார்த்தான். யாரோ அதைக் கழற்றி மாட்டியதுபோல.

"எப்பத்துலேருந்து?"

"எப்பவுமேதான்."

"உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்னு கேட்டேன்."

நான் கழற்றிய கேட்சர் முகமூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். "ரெண்டு வாரமா."

அவன் கையுறையைக் குவித்து மூடினான், திறந்தான், மூடினான். "சரி, போ. மூடிக்கிறேன்," என்றான்.

மூடிக்கொண்டான். கையுறை முன்போல் விரியவில்லை, மறந்தபோது மட்டும் விரிந்தது. ஆனால் பந்தும் வளையவில்லை. ஒன்று எனக்கு இரண்டடி முன்னால் மண்ணில் குத்தியது. ஒன்று தலைக்கு மேலே பறந்தது. ஒன்று அடிப்பவனின் விலாவில் பட்டது. நான்கு பந்து தவறாகப் போனால் அடிப்பவன் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்துபோகலாம். அப்படி வரிசையாக நான்கு பேர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, கடைக்குப் போகிறவர்கள்போல் நடந்தார்கள். எமில் என்னைப் பார்க்கவில்லை, அடிப்பவனைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டே எறிந்தான். இதைத்தான் நான் பதின்மூன்று வருடம் முன்பு ஒருமுறை செய்திருந்தேன். சொல்லாமல் இருந்ததும் தப்பு, சொன்னதும் தப்பு. மூன்றாவதாக என்ன இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான்காவது இன்னிங்ஸில் மேற்கே கறுத்தது. ஐந்து இன்னிங்ஸ் முடிவதற்குள் மழையால் ஆட்டம் நின்றுபோனால் அது நடக்காத ஆட்டம். எல்லா ரன்னும் அழிந்துவிடும். எமில் எறிந்ததும் அழிந்துவிடும். அவன் பெரிய கிளப்பில் ஒரு பந்துகூட எறியாதவனாகிவிடுவான். எது நல்லது என்று யோசிக்காமலே மழைக்காக வேண்டிக்கொண்டேன். ஏழெட்டுத் துளி முகமூடிக் கம்பியில் விழுந்தது. பிறகு மேகம் ஆற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விட்டது. அங்கே யாருக்கும் அது தேவைப்பட்டிருக்காது.

ஐந்தாவது முடிந்தபோது பதினேழு ரன். எமில் பெஞ்சின் கோடியில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் பெக்கிடம் போனேன்.

"பாஸ், எடுத்துடுங்க."

"யாரைப் போடட்டும்?" பெக் சூரியகாந்தி விதையைத் துப்பினார். "டௌலிங்குக்குக் கை தூக்க வரல. நாளைக்கு ஒரு ஆட்டம், நாளன்னிக்கு ஒண்ணு. டிக்கெட் கிழிக்கிறவனைப் போடவா?"

"யாராச்சும். இப்படி நிக்க வெச்சா, புதன்கிழமை எப்படி அவனை..."

"டெட்." அவர் குரல் தாழ்ந்தது. கோபமில்லை. களைப்புதான். "அவன் விஷயம் வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சு. பேப்பர்ல கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேன். அவன் நல்லா எறிஞ்சாலும் போகணும், எறியலைன்னாலும் போகணும். போற கையைச் செலவு பண்ணி, இருக்கப்போற கையைக் காப்பாத்துறேன். நீ மேனேஜரா இருந்தாலும் இதையேதான் செய்வ."

அவர் சொன்னது உண்மை.

"அவங்கிட்ட வாயத் திறக்காத. புதன்கிழமை நானே கூப்பிட்டுச் சொல்லுவேன். அது என் வேலை. மத்தவன் வாயால கேக்கக் கூடாது."

"கையுறை விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"எந்தக் கையுறை?" என்றார் பெக்.

ஆக, எதனாலும் எதுவும் மாறியிருக்காது. நான் சொல்லியிருந்தாலும், சொல்லாமலிருந்திருந்தாலும், மழை பெய்திருந்தாலும். இது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். முகமூடியை மாட்டிக்கொண்டு திரும்பவும் குந்தினேன். ஆறாவதில் இன்னும் இரண்டு ரன் போனது. பத்தொன்பது.

ஏழாவது இன்னிங்ஸில் கைதட்டல் நின்றது.

எதிரணிக்கு ஏழரை மணிக்கு ரயில். பத்தொன்பது ரன் முன்னால் இருக்கும்போது இன்னும் ரன் சேர்ப்பது அசிங்கம். எங்கள் ஆட்டத்தில் யாரும் அதை எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வருகிற பந்துக்கெல்லாம் மட்டையை வீச ஆரம்பித்தார்கள். மூன்று முறை வீசித் தவறவிட்டால் ஒருவன் அவுட், மூன்று பேர் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். தலைக்கு மேலே போனதற்கு வீசினார்கள். மண்ணில் குத்தியதற்கு வீசினார்கள். ஒருவன் அவுட்டாகிப் போகும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். அவசரம், வேறொன்றுமில்லை என்பதுபோல. மூன்று பேர், அவுட். எட்டாவதில் மூன்று பேர். ஒன்பதாவதிலும். கடைசி மூன்று இன்னிங்ஸில் எமில் ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

கடைசி ஆள் வீசித் தவறவிட்டதும் எமில் மேட்டிலிருந்து ஓடிவந்தான். முகத்தில் மண்ணும் வியர்வையும் குழைந்திருந்தது. கண் பளபளத்தது.

"பாத்தியா டெட்? கண்டுபுடிச்சிட்டேன். ஏழாவதுலேருந்து கையுறை அசையவே இல்ல, கவனிச்சியா? வளைபந்தும் விழ ஆரம்பிச்சிருச்சு."

"கவனிச்சேன்."

"ஒன்பது பேரு. வரிசையா ஒன்பது பேரு. பெக் பாத்திருப்பாரு இல்ல?"

"பாத்துக்கிட்டுத்தான் இருந்தாரு."

உடை மாற்றும் அறையில் யாரும் அவனருகே வரவில்லை. டௌலிங் மட்டும் ஒரு பீர் பாட்டிலைத் திறந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, அதிசயமாக, ஒரு வார்த்தையும் பேசாமல் போனான். எமில் வலது தோளில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"டெட், ஒண்ணு கேக்குறேன். ரெண்டு வாரம் முன்னாடியே நீ சொல்லியிருந்தா, இன்னிக்கு ஆரம்பத்துலேருந்தே இப்படி எறிஞ்சிருப்பேன் இல்ல?"

அந்தப் பொய்யைச் சொல்ல நான் தயங்கியிருக்க வேண்டும். தயங்கவில்லை. "ஆமா," என்றேன். "எறிஞ்சிருப்ப. தப்பு என்னுது."

அவன் என்னை ஒரு குத்து விட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பதிலுக்கு, ஈரக் கையால் என் முழங்காலைத் தட்டினான். "விடு. நீ வேணும்னா செஞ்ச? ஆனா ஒரு உதவி பண்ணு. வெளிய வந்து ஜிக்கிட்டயும் மத்தவங்ககிட்டயும் இதைச் சொல்லு. நான் சொன்னா சாக்குன்னு நெனைப்பாங்க. நீ கேட்சர். நீ சொன்னா நம்புவாங்க."

போனேன். வேறு வழி தெரியவில்லை.

பஸ் மைதானத்தின் பின்வாசலில் நின்றது. இருபத்திரண்டு பேரும் ஏறாமல் காத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் சிலர் தொப்பியை எடுத்தார்கள். சாவு வீட்டு வாசலில் எடுப்பதுபோல. எமில் என் தோளில் கைவைத்து முன்னால் தள்ளினான்.

சொன்னேன். கையுறை எப்படி விரிந்தது, எதிரணி எப்படிப் பார்த்தது, எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும், வாயைத் திறக்கவில்லை என்று சொன்னேன். அந்தப் பந்தைப்போல் ஒரு வளைபந்தை நான் பார்த்ததில்லை என்றும் சொன்னேன். அது ஒன்றுதான் முழு உண்மை.

"ரெண்டு வாரமா தெரிஞ்சு பல்லைக் குத்திக்கிட்டு உக்காந்திருந்தியாக்கும்?" என்றார் ஒரு கிழவர். அவருக்கு ஒரு கையில் மூன்று விரல்தான் இருந்தது.

"அவரை விடுங்க மாமா," என்றான் எமில், சிரித்துக்கொண்டு. "அதான் கடைசியில சொல்லிட்டாருல்ல. ஒன்பது பேரை வரிசையா அனுப்பினேன், அதைப் பேசுங்க."

பேசினார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு எல்லோரும். ஏழாவது இன்னிங்ஸில் அந்தத் தடியன் மட்டையை வீசிவிட்டு விழப் பார்த்தானே என்று ஒருவர் நடித்துக் காட்டினார். எமிலைச் சுற்றி வட்டம் கட்டிவிட்டார்கள். முதுகில் தட்டினார்கள், ஐஸ் வைத்த தோளில் மட்டும் படாமல்.

ஜிக்மண்ட் அந்த வட்டத்துக்குள் போகவில்லை. என் முழங்கையைத் தொட்டு, பஸ்ஸின் பின்பக்கமாக அழைத்துப்போனான். இருமினான். இருமல் ஓயும்வரைக்கும் காத்திருந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்," என்றான். "கையுறையப் பத்தி இல்ல. எங்க சுரங்கத்துல புது ஆள் சேக்கணும்னா போர்மேன்கிட்ட முன்னாடியே பேர் குடுக்கணும். நாளைக்குக் காலையில கேப்பாரு. விட்டா அடுத்த மாசம்தான். என் ஷிப்ட்டுலயே போட்டா நான் பக்கத்துல நின்னு பாத்துக்குவேன். வேற ஷிப்ட்டுன்னா முடியாது." அவன் என் முகத்தைப் பார்க்காமல் பஸ் டயரைப் பார்த்துப் பேசினான். "பேர் குடுக்கட்டுமா, வேண்டாமா?"

பஸ்ஸின் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பலை எழுந்தது. அதில் எமிலின் சிரிப்பு தனியாகக் கேட்டது.

பெக் என்னிடம் சொல்லாதே என்றிருந்தார். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும், சொன்னால் என்ன ஆகும் என்று அன்று இரண்டையும் பார்த்துவிட்டேன். அவன் அண்ணன் ஷிப்ட்டில் நிற்பதற்கும் வேறு ஷிப்ட்டில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாது. ஜிக்மண்டுக்குத் தெரிந்திருந்தது.

"குடுங்க," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான், கணக்குப் பார்த்து வைத்திருந்தது சரியாக வந்ததைப்போல. கைக்குட்டையால் வாயைத் துடைத்தான்.

"எப்ப சொல்லுவாங்க?"

"புதன்கிழமை."

"அப்ப மூணு நாள் இருக்கு," என்றான். "சரி. இருக்கட்டும்."

வட்டத்துக்குள் போய் எமிலின் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினான். எமில் வலிக்கிறது என்று கத்தினான். பஸ் கிளம்பி, திருப்பத்தில் மறையும்வரைக்கும் எமில் இடது கையை ஆட்டிக்கொண்டிருந்தான். வலது கை தூக்க வரவில்லை.

"ஜிக் உன்னைத் தனியாக் கூட்டிட்டுப் போய் என்ன கேட்டான்? திட்டினானா?"

"இல்ல. போற வழியில சாப்பாடு எங்க நல்லாருக்கும்னு கேட்டான்."

"அவனுக்கு எப்பவும் வயிறுதான்," என்று எமில் சிரித்தான். பிறகு பந்து ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். ஐஸ் கரைந்ததும், மூடிய கையுறையோடு இன்னும் கொஞ்சம் எறிந்து பழகிக்கொள்ள வேண்டுமாம். என்னால் குந்த முடியுமா என்றான்.

முடியும் என்றேன்.